விளையாட்டுக்கு வயது குறிப்பது யார்?



“இந்த விளையாட்டை அரசாங்கமே தடை பண்ணிட்டதா டி.வி.யில சொன்னாங்களே, அப்புறம் எப்படி என் பையன் போன்ல மட்டும் ஓடுது?” என்று காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். கணவர் பட்டுத் தறியில் உட்காருகிறார்; இவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போய்வருகிறார். பையன் ஏழாம் வகுப்பு. கடிதத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். அவருக்குத் தனியாகப் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியோடு எத்தனையோ வீடுகள் இருக்கின்றன என்பதால், இந்த மாத ஆசிரியர் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அம்மா, உங்கள் கேள்வியை உயர் நீதிமன்றமே கேட்டிருக்கிறது. 2022-ல் காணாமல்போன மகளைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி ஒரு தாய் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட்டார். அந்தப் பெண் ‘ஃப்ரீ ஃபயர்’ விளையாட்டில் மூழ்கிக் கிடந்த விவரம் வழக்கில் வந்தது. தடை செய்த விளையாட்டை இன்னும் எப்படி விளையாட முடிகிறது என்று நீதிபதிகளும் கேட்டார்கள்.

நடந்தது இதுதான். 2022 பிப்ரவரி 14 அன்று மத்திய அரசு 54 செயலிகளை முடக்கியது. ‘ஃப்ரீ ஃபயர்’ அந்தப் பட்டியலில் இருந்தது. ‘ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்’ இல்லை. அதே நிறுவனம், அதே தீவு, அதே துப்பாக்கிகள். படம் மட்டும் இன்னும் துல்லியம். பழைய கணக்கைக் கொண்டே புதியதில் நுழையலாம். பிள்ளைகளுக்கு ஒரு நாள்கூட ஆட்டம் தடைபடவில்லை. ‘பப்ஜி’ கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 2020 செப்டம்பர் 2-ல் அதையும் சேர்த்து 118 செயலிகளை முடக்கினார்கள். மறு ஆண்டே ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்ற பெயரில் திரும்பி வந்தது. 2022 ஜூலையில் அதையும் முடக்கினார்கள். 2023 மே மாதம் மறுபடியும் வந்துவிட்டது.

ஏன் இப்படி? இந்த மூன்று முடக்கமும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின் கீழ் நடந்தவை. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு உறவு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மட்டுமே அந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியும். பிள்ளைகளின் நலன் என்ற சொல்லே அதில் கிடையாது. நம் தகவல்கள் சீனாவுக்குப் போகின்றனவா என்பதுதான் அங்கே பிரதானமான கவலை. நியாயமான கவலைதான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பையன் இரவு ஒரு மணிவரை சுட்டுக்கொண்டிருக்கலாமா என்ற கேள்வியை அந்த உத்தரவுகளில் எதுவும் கேட்கவே இல்லை. தடை செய்தது உண்மை. உங்கள் பையனுக்காகச் செய்யவில்லை என்பதும் உண்மை.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஐயம்பேட்டையின் நெசவாளர் தெருக்களில் ஒரு நடை போய்வாருங்கள். தறிச் சத்தம் இன்னும் ஓய்ந்திருக்காது. திண்ணையில் மூன்று பையன்கள், ஒரு போன். ஐம்பது பேர் பாராசூட்டில் தீவில் குதிக்கிறார்கள். கடைசிவரை உயிரோடு நிற்பவன் ஜெயித்தவன். பத்துப் பதினைந்து நிமிஷ ஆட்டம். “பின்னாடி வரான்டா, அடி, அடி… ரிவைவ் பண்ணுடா!” போனுக்குள்ளிருந்து முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் குரல் ஹிந்தியில் கத்துகிறது. நடுவில் அம்மாவின் அழைப்பு வருகிறது. கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் கூப்பிடுவது அவர் வழக்கமாம். “கட் பண்ணுடா, செத்துருவோம்” என்கிறான் பக்கத்துப் பையன். போனை வைத்திருப்பவன் கட்டைவிரலால் அம்மாவைத் தள்ளிவிட்டு ஆட்டத்தைத் தொடர்கிறான். நான் நின்று பார்த்த காட்சி இது. துப்பாக்கிச் சத்தத்தைவிட அந்தக் கட்டைவிரல்தான் என் மனதை உறுத்தியது.

பிள்ளைகளைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்தப் போன் அவர்கள் கைக்கு எப்படி வந்தது? 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மறுபடி பள்ளிக்குப் போனது 2021 நவம்பரில். இடைப்பட்ட காலத்தில் பாடம் போனில் வந்தது. கூலி நெசவில் கஞ்சி குடிக்கும் வீட்டிலும் தவணையில் ஒரு போன் வாங்கினார்கள், படிப்புக்காக. பாடம் பள்ளிக்குத் திரும்பிவிட்டது, போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. பகலில் டிசைன் பார்க்கவும் கூலிப் பணம் வாங்கவும் அப்பாவுக்கு அது வேண்டும். சாயங்காலம் அது பையனுடையது.

வன்முறை விளையாட்டுகளைப் பிள்ளைகளுக்கு விற்கலாமா என்ற சண்டையை நீதிமன்றத்தில் கடைசிவரை நடத்தியவர்கள் கலிபோர்னியாக்காரர்கள். அந்த வழக்கை நம் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. குழந்தை உளவியல் படித்த லேலண்ட் யீ என்ற சட்டமன்ற உறுப்பினர் 2005-ல் ஒரு மசோதா கொண்டுவந்தார். அப்போதைய ஆளுநர், ‘டெர்மினேட்டர்’ படங்களின் நாயகன் அர்னால்டு ஸ்வார்செனேகர், கையெழுத்திட்டார். மனித உருவத்தைக் கொல்வது, உறுப்புகளைத் துண்டிப்பது, பாலியல் வன்முறை செய்வது போன்ற காட்சிகள் கொண்ட விளையாட்டுகளை 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ 1,000 டாலர் வரை அபராதம். உறைமீது ‘18’ என்று பெரிதாக அச்சிட வேண்டும். பெற்றோரே வாங்கிக் கொடுத்தால் குற்றமில்லை.

அந்தச் சட்டம் ஒரு நாள்கூட அமலாகவில்லை. விளையாட்டு நிறுவனங்கள் உடனே வழக்குப் போட்டன. கீழ் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2011 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்கேலியா. கதை, நாடகம், சினிமாவைப் போலவே வீடியோ விளையாட்டும் ஒரு பேச்சுதான், அரசியல் சாசனம் அதையும் காக்கும் என்றார். வன்முறை பிள்ளைகளுக்குப் புதிதா என்றும் கேட்டார். கிரிம் சகோதரர்களின் கதையில் ஹான்சலும் கிரெட்டலும் சூனியக்காரியை அடுப்பில் தள்ளிக் கொல்வதை எடுத்துக்காட்டினார். விளையாட்டு பிள்ளைகளை முரடர்களாக்குகிறது என்பதற்குக் காட்டிய ஆய்வுகள் தொடர்பைச் சொல்கின்றனவே தவிர, இதுதான் காரணம் என்று நிறுவவில்லை. கார்ட்டூன் பார்த்தாலும் அதே அளவு விளைவு வருகிறதாம் என்றார்.

எதிர்த் தீர்ப்பு எழுதிய இருவரில் ஒருவர் பிரேயர். 13 வயதுப் பையனுக்கு நிர்வாணப் படம் போட்ட பத்திரிகையை விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதே பையன் ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டுச் சித்திரவதை செய்து கொல்லும் விளையாட்டை வாங்குவதை மட்டும் தடுக்க முடியாதா என்பது அவருடைய கேள்வி. இன்னொருவர் தாமஸ். பெற்றோரைத் தாண்டிப் பிள்ளையிடம் நேராகப் பேசும் உரிமை யாருக்கும் கிடையாது என்றார். சட்ட நுணுக்கத்தில் ஸ்கேலியா ஜெயித்தார். ஒரு பத்திரிகை ஆசிரியராகப் பேச்சுரிமை எனக்கு உயிர். அப்படியிருந்தும் பிரேயரின் கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை என்றே நினைக்கிறேன். பாட்டி சொல்லும் கதையில் ராட்சசன் செத்தால் பிள்ளை கேட்டுக்கொண்டு தூங்கிப்போகும். போனில் அந்தப் பிள்ளையேதான் சுடுகிறது. அதற்குப் புள்ளி கிடைக்கிறது, அடுத்த ஆட்டத்துக்கு அழைப்பு வருகிறது, புதிய துப்பாக்கிக்கும் உடைக்கும் ‘டயமண்ட்’ வாங்கச் சொல்லிப் பணம் கேட்கிறது.

அமெரிக்காவில் தோற்றது இந்தியாவிலும் தோற்கும் என்பதில்லை. வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் அரசியல் சாசனத்தின் 19(2) பிரிவு, கண்ணியம், ஒழுக்கம் போன்ற காரணங்களுக்காகப் பேச்சுரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 1970-ல் கே.ஏ. அப்பாஸ் சினிமாத் தணிக்கையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனபோது, பெரியவர்களுக்கு ஒன்று, எல்லோருக்கும் ஒன்று என்று படங்களைப் பிரிப்பது செல்லும் என்றே தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லாவின் அமர்வு தீர்ப்பளித்தது. ‘ஏ’ படம் பார்த்தவன் கொலைகாரன் ஆவான் என்று அதற்காக யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. சில விஷயங்களைப் பார்க்க ஒரு வயது வரட்டும் என்ற பொது அறிவே போதுமானதாக இருந்தது. 2021-ல் வந்த விதிகள் ஓ.டி.டி. தளங்களுக்கும் 7, 13, 16 என்று வயது குறித்தன. 2023-ல் திருத்திய திரைப்படச் சட்டம் தியேட்டர் படங்களுக்கும் அதையே கொண்டுவந்தது. தியேட்டரில் ரத்தம் தெறித்தால் சான்றிதழ் வேண்டும். கூடத்தில் டி.வி.யில் ஓடும் வெப் சீரிஸுக்கு வயது எண் வேண்டும். பையன் தானே துப்பாக்கி பிடிக்கும் விளையாட்டுக்கு மட்டும் இந்த நாட்டில் சட்டப்படி வயது குறிப்பவர் யாரும் இல்லை. கூகுள் பிளேயில் விளையாட்டின் பெயருக்குக் கீழே 12+, 16+ என்று தெரிகிறதே என்று கேட்பீர்கள். விளையாட்டைச் செய்தவர்களே ஒரு கேள்வித்தாளை நிரப்பி, அதன்படி கிடைக்கிற எண் அது. அதை மீறினால் இங்கே யாருக்கும் தண்டனை இல்லை.

நம் நீதிமன்றங்கள் சும்மா இருந்துவிடவில்லை. 2017-ல் ‘புளூ வேல்’ என்ற இணைய விளையாட்டுப் பயங்கரம் மதுரைப் பக்கம் ஒரு மாணவனைப் பலிகொண்டபோது, மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. 2021-ல் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு வந்தது. தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி தலைமையிலான அமர்வு, இது மக்கள் தேர்ந்தெடுத்த அரசுகள் முடிவு செய்ய வேண்டியது, முதலில் அவர்களிடம் போங்கள் என்று அனுப்பிவைத்தது. அப்போது பலருக்கும் ஏமாற்றம். எனக்கு அது சரியாகவே படுகிறது. எது வன்முறை, எந்த வயதுக்கு எது என்று வரையறுக்காமல் ‘தடை செய்’ என்று ஒரு வரியில் உத்தரவு போட்டால் என்ன ஆகும் என்பதை 2019-ல் ராஜ்கோட்டில் பார்த்தோம். பப்ஜி விளையாடக்கூடாது என்று போலீஸ் கமிஷனர் உத்தரவு போட்டார். கல்லூரி மாணவர்களைக் கைது செய்து கணக்குக் காட்டினார்கள்.

தமிழ்நாட்டில் சட்டம் நிஜமாகவே வேலை செய்த இடம் ஒன்று உண்டு. பணம் கட்டி ஆடும் விளையாட்டு. அதைத் தடுக்க வந்த முதல் சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு விடவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டது, புதிய மசோதா வந்தது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் சட்டமானது. 2025-ல் வந்த விதிகள் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியில்லை, நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை யாரும் உள்ளே நுழையக்கூடாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என்றன. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2025 ஜூன் 3 அன்று நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், கே. ராஜசேகர் அமர்வு அந்த விதிகள் செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றமே பண விளையாட்டுக்கு மொத்தமாகத் தடை போட்டது. அதை எதிர்த்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. ஒரு சட்டம் தோற்றதும் ஓய்ந்துவிடாமல், குழு போட்டு, மறுபடி எழுதி, வழக்கில் நின்று காட்டிய இந்த விடாமுயற்சியை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அதில் பத்தில் ஒரு பங்கை இந்தத் துப்பாக்கி விளையாட்டுகளின் பக்கம் திருப்புங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பிள்ளைகளைக் காக்க வந்த சட்டம் நம் காஞ்சிபுரம் பக்கத்துக்குப் புதிதல்ல. கோர்வை சேலை நெய்ய ஒரு ஆள் போதாது. உடலும் கரையும் வேறு வேறு நிறமென்றால், கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். அது பல வீடுகளில் சின்னப் பிள்ளையின் கையாக இருந்தது. முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அடுத்தவர் தறிக்குப் போன பிள்ளைகளும் உண்டு. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவையும் தடைப் பட்டியலில் வைத்தது. ஆனால் குடும்பத்தார் உதவியோடு நடக்கும் பட்டறைக்கு விலக்கு கொடுத்தது. தறி இருப்பது வீட்டுக்குள். கேட்டால் எல்லாப் பிள்ளையும் சொந்தப் பிள்ளை! சட்டம் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. பிறகு அந்தப் பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பியது எது? சிறப்புப் பள்ளிகள், மதியச் சோறு, தொடர்ந்து வந்து கதவைத் தட்டிய அதிகாரிகள், எல்லாவற்றுக்கும் மேலாக “நான் தறிக்குழியில உக்காந்தது போதும், என் புள்ள படிக்கட்டும்” என்று முடிவெடுத்த நெசவாளர்கள். சட்டம் இல்லாமல் அந்த முடிவுக்குத் தைரியம் வந்திருக்காது. அந்த முடிவு இல்லாமல் சட்டத்துக்கு உயிர் வந்திருக்காது. ஐயம்பேட்டையின் பெரியவர்கள் இதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

போனும் வீட்டுக்குள் இருப்பதுதான். அதனால்தான் வீட்டுக்குள் புகுந்து மணிக்கணக்கு பார்க்கும் சட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. தென் கொரியா 2011-ல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை இணைய விளையாட்டைப் பூட்டியது. 2014-ல் அரசியல் சாசன நீதிமன்றமும் அது செல்லும் என்றது. பிள்ளைகள் அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு ஆடினார்கள். ஆட்டமும் கணினியிலிருந்து போனுக்கு நகர்ந்துவிட்டது. 2022-ல் அரசே அந்தச் சட்டத்தைக் கைவிட்டது. ஜப்பானின் ககாவா மாநிலம் 2020-ல், பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் ஒரு மணி நேரம், விடுமுறையில் ஒன்றரை மணி நேரம் என்று விதி போட்டது. மீறினால் தண்டனை கிடையாது. அதை எதிர்த்து ஒரு பள்ளி மாணவனும் அவன் அம்மாவும் வழக்குப் போட்டு, 2022-ல் தோற்றார்கள். எத்தனை மணி நேரம் என்பதை அந்த வீடுதான் பேசி முடிக்க வேண்டும்.

சட்டம் செய்ய வேண்டிய வேலை வேறு. ஓ.டி.டி.க்குக் குறிப்பதுபோல விளையாட்டுகளுக்கும் வயது எண்ணைச் சட்டப்படி குறிக்க வேண்டும். அதைத் தமிழிலும் காட்ட வேண்டும். எங்கள் நெசவாளத் தாய்மாருக்குப் புரிய வேண்டும். அந்த வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் செயலியைத் திறந்துவிட்டால், கேள்வி கேட்க வேண்டியது பிள்ளையை அல்ல, செயலிக் கடையையும் நிறுவனத்தையும். முன்பின் தெரியாதவரோடு பேசும் வசதியும் பணம் கட்டும் வசதியும் பிள்ளைகளின் கணக்கில் முதலிலேயே மூடியிருக்க வேண்டும். ‘பேட்டில்கிரவுண்ட்ஸ்’ நிறுவனம் சிறுவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், பெற்றோர் எண்ணுக்கு ஓ.டி.பி. என்று தானாகவே விதி வைத்திருக்கிறது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. நண்பன் நம்பரைக் கொடுத்து அதைத் தாண்டிவிடலாம் என்பது அதைச் சட்டமாக்க வேண்டியதற்குக் காரணம்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். கூகுள் பிளே செயலியின் அமைப்புகளில் ‘பெற்றோர் கட்டுப்பாடுகள்’ என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் வயதைத் தேர்ந்தெடுத்து நான்கு இலக்க எண்ணால் பூட்டலாம். அதற்கு மேற்பட்ட வயதுக்கான எதையும் புதிதாக இறக்க முடியாது. ஏற்கெனவே போனில் இருப்பதை அது அகற்றாது, அதை நீங்கள்தான் நீக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. தெரியாவிட்டால் கல்லூரி போகும் அக்கம்பக்கத்துப் பெண்ணைக் கேளுங்கள். பிள்ளை தூக்கத்தையும் சாப்பாட்டையும் விட்டுப் போனோடு கிடந்தால், பிடுங்கினால் கை ஓங்கினால், அடிக்காதீர்கள். விளையாட்டு அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் விளையாட்டுகளுக்குச் சட்டப்படி வயது எண் வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டு, மாவட்ட ஆட்சியருக்கும் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். அதன் நகலை எங்களுக்கும் அனுப்பினால் அப்படியே வெளியிடுகிறோம்.

இந்த விளையாட்டுகளை ஆடும் பிள்ளைகளும் எழுத வேண்டும். எது பிடிக்கிறது, எது பயமாக இருக்கிறது, எவ்வளவு பணம் போனது, வீட்டில் என்ன சொன்னால் கேட்பீர்கள் என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். பெயரும் பள்ளியும் போட மாட்டோம். வருகிற கடிதங்களுக்கு அடுத்த இதழில் நான்கு பக்கம் ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்